மடியில் கனம்

கடைவீதியில் பிறர் பணத்தைக் களவாடுகிறவனுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களை ஒரு நாள் வரிசையாக எழுதிப் பார்த்தேன். முதலில் 'முடிச்சவிழ்க்கி' வந்தது. அதன் உடன்பிறப்பாக 'முடிச்சுமாறி'. அடுத்தது 'ஜேப்படித் திருடன்'. கடைசியில் வந்தது பள்ளிக்கூடத்துப் பையன் முதல் பாட்டி வரை எல்லோரும் சொல்கிற 'பிக்பாக்கெட்'. எழுதி முடித்தபோது வியப்பாக இருந்தது. திருடர்களின் பட்டியலை எழுதுவதாக நினைத்துக்கொண்டு, நம் ஜனங்களின் உடைச் சரித்திரத்தையல்லவா எழுதி வைத்திருக்கிறேன்!

நம் முன்னோர் உடையில் பை கிடையாது. ஆணுக்கு வேட்டி, பெண்ணுக்குப் புடவை; இரண்டுமே தையல் படாத நீளத் துணி. கையில் நாலு காசு சேர்ந்தால் அதை வைக்க ஒரே வழி, துணியின் ஓரத்தில் வைத்து முடிந்துகொள்வதுதான். முந்தானையில் ஒரு முடிச்சு, அல்லது இடுப்பில் ஒரு மடிப்பு. ஆகவே திருடனின் வித்தையும் முடிச்சை அவிழ்ப்பதாக இருந்தது. பின்னால் சட்டை வந்தது. சட்டையோடு ஜேப்பும் வந்தது. 'ஜேப்பு' அரபு மொழியிலிருந்து கிளம்பி, பாரசீகம், உருது என்று பல ஊர்ச் சத்திரங்களில் தங்கி நம்மிடம் வந்து சேர்ந்த சொல். அரபியில் அதற்கு மூலப்பொருள், ஆடையில் மார்புப் பக்கத்துத் திறப்பு, மடிப்பு என்பதாம். அங்கேயும் ஆதியில் மடிதான்! அப்புறம் இங்கிலீஷ்காரனின் 'பாக்கெட்' வந்தது. திருடனும் நாகரிகத்தில் பின்தங்காமல் பெயரை மாற்றிக்கொண்டான்.

இங்கிலாந்தின் கதையும் இதேதான். அங்கே பழைய காலத்தில் பணப்பையை இடுப்பு வாரில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். சிறு கத்தியால் கயிற்றை அறுத்துக்கொண்டு போகிறவனுக்குப் 'பை அறுப்பவன்' என்று பெயர். உடைக்குள்ளேயே பை தைக்கிற வழக்கம் வந்த பிறகு கத்திக்கு வேலை குறைந்தது. விரலுக்கு வேலை வந்தது.

அந்த நாட்டுச் சட்டம் இந்த விரல் வித்தையைச் சாமானியமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவன் உடம்பிலிருந்து அவன் அறியாமல் ஒரு ஷில்லிங்குக்கு மேல் திருடினால் மரண தண்டனை என்று 1565-ஆம் ஆண்டில் ஏற்பட்ட நிலை, இருநூற்று நாற்பது வருஷங்களுக்கு மேல் நீடித்தது. சாமுவேல் ராமிலி என்ற வழக்கறிஞர் பாராளுமன்றத்தில் போராடி 1808-இல் அதை நீக்கினார். இதில் வேடிக்கை என்னவென்றால், தூக்குத் தண்டனையைப் பகிரங்கமாக நிறைவேற்றிய அந்த நாட்களில், அதைப் பார்க்கக் கூடிய கூட்டம் ஜேப்படிக்காரர்களுக்கு நல்ல அறுவடைக் களமாக இருந்தது. மேலே ஒருவன் கழுத்தில் கயிறு விழும். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கீழே அவன் சகபாடிகளின் விரல்கள் நடமாடும். தண்டனையின் பயம் திருட்டை ஒழித்துவிடும் என்று சொல்கிறவர்கள் இந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். 'மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்' என்ற பழமொழியை நாம் இப்போது மனச்சாட்சியைப் பற்றிச் சொல்கிறோம். குற்றம் செய்தவன்தான் பயப்பட வேண்டும் என்று அர்த்தம் பண்ணுகிறோம். ஆனால் பழமொழி பிறந்த இடம் மடிதான். அந்தக் கனமும் உண்மையான கனந்தான். கும்பினியார் 1835-இல் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியாக வெளியிட்ட வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின். இன்றைய கணக்கில் சுமார் 11.66 கிராம். மாடு பிடிக்க நூறு ரூபாயுடன் சந்தைக்குப் புறப்பட்ட விவசாயி, ஒரு கிலோவுக்கும் மேலே வெள்ளியை இடுப்பில் சுமந்துகொண்டு போயிருக்கிறான்! நடக்கும்போது அது இடிக்கும், உட்காரும்போது அழுத்தும், வண்டியில் தூங்கினால் குலுங்கி ஓசைப்படும். அவனிடம் பணம் இருக்கிறது என்பதை அவன் நடையே ஊருக்குச் சொல்லிவிடும்.

காகித நோட்டுக்கான சட்டம் 1861-இல் வந்தது. ஒரு ரூபாய்க்கே நோட்டு என்பது 1917-இல், முதல் உலக யுத்தத்தில் வெள்ளிக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டினால், வந்து சேர்ந்தது. மடியின் கனம் குறைந்தது. ஆனால் பயம் குறைந்ததா என்றால் இல்லை. கனமான வெள்ளி போனால் இடுப்புக்குத் தெரியும். மெல்லிய நோட்டு போனால், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் தெரியும்.

இந்தப் பயத்துக்கு நம் ஜனங்கள் கண்டுபிடித்த மருந்துகள் பல. திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக் கிராமத்து ஆண்கள் வேட்டிக்குள் அணியும் கோடு போட்ட பட்டாபட்டி அண்டிராயரைப் பார்த்துப் பட்டணத்துக்காரர்கள் சிரிப்பார்கள். அதில் தைத்திருக்கும் பெரிய பையின் அருமை சந்தைக்குப் போய் வந்தவனுக்குத்தான் தெரியும். வேட்டியைத் தூக்கி, குனிந்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டுத்தான் அதிலிருந்து பணம் எடுக்க முடியும். சொந்தக்காரனுக்கே அவ்வளவு பாடு என்றால் அந்நியன் விரல் என்ன செய்யும்? வேட்டியை இறுக்கிக் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டில் இருக்கிற பையும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டை மறைத்துப் பிடித்துக்கொண்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பற்றி விலை பேசுவதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். போட்டிக்காரனுக்கு விலை தெரியக் கூடாது என்பது அதன் நோக்கம். என்ன தொகை எந்த மடிக்குப் போகிறது என்பது சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாமல் போவது அதனுடன் கிடைக்கும் லாபம்.

எல்லாவற்றிலும் சிறந்தது, என் அபிப்பிராயத்தில், சுருக்குப்பைதான். பழனிக்குக் கிழக்கே, திண்டுக்கல் சாலையில், மலையடிவாரத்துத் தோப்புகளின் நடுவே இருக்கிறது ஆயக்குடி. பழைய ஆயக்குடி, புது ஆயக்குடி என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும் இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கொய்யாப்பழம். விடியும் முன்பே தோட்டங்களிலிருந்து கூடை கூடையாகப் பழம் வந்து சந்தையில் இறங்கும். வியாபாரிகள் மொய்த்துக்கொள்வார்கள். வெயில் ஏறுவதற்குள் பேரம் முடிந்து பழம் வண்டி ஏறிவிட வேண்டும், கொய்யா காத்திருக்காது. இந்த அவசரத்தில், இந்த நெரிசலில், பணம் கைக்குக் கை பறந்துகொண்டிருக்கும். கூட்டமும் அவசரமும் சேர்ந்த இடத்தைவிட முடிச்சவிழ்க்கிக்கு வேறு என்ன வேண்டும்?

அந்தச் சந்தையில் கூடை வைத்திருந்த ஒரு மூதாட்டியின் சுருக்குப்பையை நான் வெகுநேரம் கவனித்துக்கொண்டிருந்தேன். பல அடுக்குகளாகத் தைத்த துணிப்பை. ஓர் அடுக்கில் வெற்றிலை பாக்கு, ஓர் அடுக்கில் சில்லறை, எல்லாவற்றுக்கும் உள்ளே மடித்த நோட்டு. வாயை இழுத்துச் சுருக்கும் கயிற்றை இடுப்பில் சுற்றி, பையை உள்ளே செருகி, மேலே புடவைக் கொசுவத்தை இழுத்துவிட்டிருந்தார். பத்து ரூபாய் மீதி கொடுக்க அதை வெளியே எடுத்தவர், பக்கத்தில் நின்ற என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உடம்பைச் சற்றுத் திருப்பிக்கொண்டு பையைத் திறந்தார். எனக்கு வருத்தம் உண்டாகவில்லை. "நீ திருடன்" என்று அவர் சொல்லவில்லை. தம் பையை எனக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னது அல்ல. நாட்டின் சரித்திரத்தில் ஒரு பகுதியே அந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது என்று தோன்றுவதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஆயக்குடியிலிருந்து கொஞ்ச தூரம் போனால் திண்டுக்கல். அந்த ஊர்ப் பூட்டின் கீர்த்தியைச் சொல்ல வேண்டியதில்லை. கைவேலையாகச் செய்த அந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டுக்குப் பூட்டுண்டு, பெட்டிக்குப் பூட்டுண்டு. ஆனால் கடைவீதியில் நடந்து போகிற மனிதனுக்கு யார் பூட்டுப் போடுவது? அவனும் அவன் மடியும் போகிற வழியை யார் காப்பது? ஒவ்வொரு காலமும் இதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறது.

காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிச் சிலப்பதிகாரம் சொல்லும் விடை, கதையைப் போல இருக்கிறது. அங்கே பொதிகளின் மேல் உரியவர் பெயரும் அளவும் எழுதி, காவலின்றியே வைத்திருப்பார்களாம். களவாட வருகிறவன் தலையில் அந்தச் சுமை ஏறிக்கொண்டு, அவனைச் சுற்றிச் சுற்றி அலைய வைக்குமாம். காவலே வேண்டாத ஒரு கடைவீதியை மனிதர்கள் எந்தக் காலத்திலும் கனவு கண்டிருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி கனவு காணவில்லை. பகற்கடையான நாளங்காடி, இரவுக் கடையான அல்லங்காடி இரண்டையும் வருணித்துவிட்டு, இடுப்பில் நூலேணி சுற்றிக்கொண்டு இருளோடு இருளாகத் திரியும் கள்வரையும், அவர்களுடைய தந்திரமெல்லாம் அறிந்து பின்தொடரும் ஊர்க்காவலரையும் அது காட்டுகிறது. பெரிய நகரத்துக்கு அரசன் காவல் போட்டான்.

நகரத்துக்கு வெளியே, சாத்துக்கள் போகும் நெடுவழியில்? சோழர் காலத்து வணிகர் குழுவினரான ஐந்நூற்றுவர், தங்கள் சரக்கைக் காக்கத் தாங்களே வீரர்களை வைத்துக்கொண்டார்கள். அப்படிப் பாதுகாப்புப் பெற்ற வணிக ஊர்களுக்கு 'எறிவீரபட்டினம்' என்று பெயர் வந்தது. வியாபாரி தன் செலவில் காவல் போட்டுக்கொண்டான் என்று அர்த்தம்.

நாயக்கர் காலத்தில் மதுரைச் சீமை பாளையங்களாகப் பிரிந்தது. திண்டுக்கல் பக்கத்துப் பாளையங்களில் ஆயக்குடியும் ஒன்று. பிற்காலத்தில் அது ஜமீனாக இருந்தது. பாளையக்காரரின் முக்கியமான உரிமை காவல். வழிப்பாதைகள் உள்ளிட்ட சுற்றுவட்டாரம் முழுவதற்கும் தேசகாவல். தனித்தனிக் கிராமத்துக்கு ஸ்தலகாவல். குடியானவனும் வியாபாரியும் காவற்கூலி கொடுப்பார்கள். பொருள் களவு போனால் காவல்காரன் அதைக் கண்டுபிடித்துத் தர வேண்டும்; இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். இதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. இன்று நாம் மூட்டை முடிச்சுக்கு இன்ஷூரன்ஸ் செய்கிறோமே, அந்த இன்ஷூரன்ஸும் போலீஸும் ஒரே ஆளிடம் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். காவலே அச்சுறுத்தலாக மாறிய சந்தர்ப்பங்களும் உண்டு. கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும்; 'துப்புக்கூலி' கொடுத்தால் திரும்பி வரும். ஆனாலும் அது ஒரு ஒப்பந்தம். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்.

1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கும்பினியார் வசம் வந்தது. பத்து வருஷங்களுக்குள் பாளையக்காரர்களின் காவல் அதிகாரம் பறிபோகத் தொடங்கியது. 1816-ஆம் வருஷத்து ரெகுலேஷன் கிராம மணியக்காரரையும் தலையாரியையும் சர்க்கார் காவலின் அங்கமாக்கியது. 1859-இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. காகிதத்தில் பார்த்தால் சீமை முழுவதும் சர்க்கார் காவலில் வந்துவிட்டது. கிராமத்திலோ, பரம்பரையாகக் காவல் பார்த்த கள்ளர் சமூகத்தாரின் குடிக்காவல் அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஸ்டேஷன் எங்கேயோ இருந்தது. காவல்காரர் பக்கத்திலே இருந்தார். சர்க்காரின் கண்ணில் அது சட்டத்துக்குப் புறம்பான வசூல். அவர்களுடைய கண்ணில் அது பாட்டன் காலத்து உத்தியோகம்.

1896-இல் இந்தப் பிணக்கு வெடித்தது. அப்போது மதுரை ஜில்லாவின் பகுதியாக இருந்த திண்டுக்கல், பழனி வட்டாரங்களில் பல ஜாதிக் குடியானவர்கள் ஒன்று கூடி, கள்ளர் காவல் இனி வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். ஊருக்கு ஊர் பணம் திரட்டிப் பொது நிதி ஒன்று வைத்தார்கள். இங்கிலீஷில் நிதிக்கு உள்ள சொல்லையே எடுத்துக்கொண்டு அதைப் 'பண்டு' என்று அழைத்தார்கள். மாடு திருடு போனவனுக்கு அதிலிருந்து ஈடு. இரவில் சுற்றி வர ஆட்கள். ஆபத்து என்றால் ஊத ஊருக்கொரு கொம்பு. ஓர் ஊரில் கொம்பு ஊதினால் அடுத்த ஊர் எழுந்து வர வேண்டும். தங்கள் பொருளைத் தாங்களே காத்துக்கொள்ள மக்கள் செய்த ஏற்பாடு என்ற அளவில் இதில் மெச்சத் தக்கது உண்டு. ஆனால் அது அந்த அளவில் நிற்கவில்லை. திருட்டுக்கு எதிராகத் தொடங்கிய இயக்கம், ஒரு ஜாதிக்கு எதிராகத் திரும்பியது. வீடுகள் எரிந்தன. ஒரு தேங்காயும் திருடாத குடும்பங்கள் கூடக் குழந்தை குட்டிகளுடன் ஊரை விட்டு வெளியேறின. கொம்பு ஊதியவனுக்குத் திருடன் யார் என்று தெரியாது. எந்தத் தெருவில் எந்த ஜாதி குடியிருக்கிறது என்பதுதான் தெரியும்.

குடியானவன் ஆத்திரத்தில் செய்ததைச் சர்க்கார் நிதானமாகச் சட்டமாக்கியது. 1871-இல் வட இந்தியாவுக்கு என்று பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் கால் வைத்தது. ஒரு ஜாதியில் பிறந்ததே குற்றத்துக்கு அடையாளம் என்றது அந்தச் சட்டம். கைரேகை பதிய வேண்டும். இரவில் குறிப்பிட்ட இடத்தில் ஆஜராகிப் படுத்துக்கொள்ள வேண்டும். வெளியூர் போக 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். இதை வாசகர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஊர்ச் சந்தையில் உப்பும் புளியும் வாங்க ஒருவன் புறப்படுகிறான். நமக்கெல்லாம் சந்தைக்குப் போகையில் மடியில் பணம் பத்திரமா என்று கவலை. அவனுக்கு மடியில் சீட்டு பத்திரமா என்று கவலை! பணத்தை இழந்தால் நாம் வெறுங்கையோடு வீடு திரும்புவோம். சீட்டை இழந்தால் அவன் வீடு திரும்புவதே நிச்சயமில்லை.

உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்து நின்ற மக்கள் மீது 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி போலீசார் சுட்டார்கள். ஒரு பெண் உட்படப் பதினைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த மக்களுக்காக வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவர் முதலிய பலர் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பல வருஷங்கள் போராடினார்கள். சென்னை மாகாணத்தில் அது 1947-இல் ரத்தாயிற்று. நாடு முழுவதும் 1952-இல் ஒழிந்தது. அதில் சிக்கியிருந்த சமூகங்களை இன்று சீர்மரபினர் என்கிறோம்.

இப்போது ஒரு கேள்வி. சட்டம் உயிரோடிருந்த அத்தனை வருஷங்களில் சந்தைகளில் ஜேப்படி நின்றதா? முடிச்சவிழ்க்கிக்குக் குலம் கிடையாது. அவனுக்கு வேண்டியது மெல்லிய விரல், கூட்டம், நம் கவனம் வேறு பக்கம் திரும்பும் ஒரு நிமிஷம். கைரேகை வைத்தவன் ஸ்டேஷன் திண்ணையில் படுத்திருந்தபோது, யார் பட்டியலிலும் இல்லாத வெள்ளைச் சட்டைக்காரன் தேர்த் திருவிழாவில் விரலை நீட்டிக்கொண்டிருந்திருப்பான்.

முகத்தையும் பிறப்பையும் வைத்துத் திருடனைத் தீர்மானிப்பதன் ஆபத்தைச் சொல்ல நம்மிடம் ஒரு காவியமே இருக்கிறது. கோவலன் எதற்காக மதுரைக் கடைவீதிக்குப் போனான்? ஒரு சிலம்பை விற்க. அவனை யார் திருடன் என்றது? அரசியின் சிலம்பைத் தானே திருடி வைத்திருந்த பொற்கொல்லன். கொல்ல வந்த காவலர்களிலேயே சிலர், இவனைப் பார்த்தால் கொலைத் தண்டனைக்கு உரியவனாகத் தோன்றவில்லையே என்று தயங்கினார்கள். உடனே பொற்கொல்லன், மந்திரம், மருந்து, தந்திரம் என்று கள்வருக்கு எட்டு வகைத் துணைகள் உண்டு என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டான். கேட்டவர்களுக்குப் பயம் வந்தது. பயம் வந்த இடத்தில் விசாரணை ஏது? ஒரு குடிகாரக் காவலன் வாளை ஓங்கினான். அந்தச் சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று ஒரு நொடியில் தெரிந்திருக்கும். பிறகு கண்ணகி வந்து உடைத்துத்தான் காட்டினாள். அதற்குள் கோவலன் இல்லை. பிறகு பாண்டியனும் இல்லை, மதுரையும் இல்லை. ஜேப்படியால் அழிந்த நகரம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. தப்பான சந்தேகத்தால் அழிந்த நகரத்தின் கதையை நாம் பாடமாகப் படிக்கிறோம்.

அப்படியானால் சந்தேகமே கூடாது, பையைத் திறந்து போட்டுக்கொண்டு நட என்று உபதேசம் செய்கிறேனா? இல்லை. ஆயக்குடி மூதாட்டியின் கட்சிதான் என் கட்சி. பஸ் நிலையங்களில் 'திருடர்கள் ஜாக்கிரதை' என்று பலகை வைத்திருக்கிறார்கள். திருடர்களைப் பார்த்து, "ஐயா, ஜாக்கிரதையாக இருங்கள்" என்று சொல்வது போலவும் இருக்கிறது அந்த வாசகம்! அதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பலகையைப் படித்தவுடனே ஒவ்வொருவர் கையும் தன் பணம் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கிறது. வேறு வேலையின்றி நிற்கிற ஒரு ஜோடிக் கண்ணுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

பழைய மனிதர்கள் பலகை வைக்கவில்லை, பழக்கம் வைத்தார்கள். செலவுக்குச் சில்லறை மேலே, மூலதனம் உள்ளே; இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதே. நாலு பேர் நடுவில் நோட்டை எண்ணாதே. பையின் வாய் உன் உடம்பைப் பார்த்து இருக்கட்டும். "அண்ணே, சட்டையிலே என்னமோ ஒட்டியிருக்கு" என்று ஒருவன் முதுகைத் தொட்டால், சட்டையைப் பார்ப்பதற்கு முன் மடியைப் பார். கீழே கிடக்கும் பத்து ரூபாயைக் காட்டி "உங்களுதா?" என்று கேட்டால், உன் கையில் இருக்கும் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனியாதே. இவற்றில் எதுவும் எந்த ஜாதியைப் பற்றியும் பேசவில்லை, எவர் முகத்தைப் பற்றியும் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் நம் கையையும் நம் கண்ணையும் பற்றியே பேசுகின்றன.

காலம் மறுபடி மாறியிருக்கிறது. பெண்களின் கழுத்துச் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்து அறுத்துக்கொண்டு போகிறவர்கள் பெருகியதால், 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 'பறிப்பு' என்பது 304-ஆம் பிரிவில் தனிக் குற்றமாக வந்திருக்கிறது; மூன்று வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. 1860-இல் எழுதிய பழைய தண்டனைச் சட்டத்தில் அப்படித் தனிப் பிரிவு இல்லை. பழைய 'பை அறுப்பவன்' கழுத்துக்கு ஏறிவிட்டான்! 2016-இல் யூ.பி.ஐ. வந்தபின் கொய்யாக் கூடைக்குப் பக்கத்திலும் சதுரக் கட்டம் போட்ட அட்டை நிற்கிறது. மடியில் இப்போது கனமே இல்லை. ஆனால் ஊர் பேர் தெரியாத ஒருவன் போனில் கூப்பிட்டு, "பாங்கியிலிருந்து பேசுகிறேன், வந்த நம்பரைச் சொல்லுங்கள்" என்கிறான். நாம் சொல்கிறோம். முடிச்சை அவன் அவிழ்க்கவில்லை. நாமே அவிழ்த்துக் கொடுக்கிறோம். அப்படி நேர்ந்துவிட்டால், தாமதம் செய்யாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவனுக்குத்தான் லாபம்.

இந்தப் புதிய திருடனிடம் ஒரே ஒரு ஆறுதல் உண்டு: அவனுக்கு முகமே கிடையாது. எந்தத் தெருவிலிருந்து வந்தான், எந்த ஜாதியில் பிறந்தான் என்று யாரும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆகவே காக்க வேண்டியதை மட்டும் காத்துக்கொள்வதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. உண்மையில் எந்தக் காலத்திலும் வேறு வழி இருந்ததில்லை. காவற்கூலி கொடுத்துப் பார்த்தோம். கொம்பு ஊதிப் பார்த்தோம். கைரேகை வாங்கிப் பார்த்தோம். அவற்றுக்கெல்லாம் முந்தியது சுருக்குப்பையின் கயிறு. இன்னும் அறுந்துபோகாமல் அதுதான் இருக்கிறது. அதை இழுத்துச் சுருக்குவதற்கு எவனையும் திருடன் என்று சொல்லத் தேவையில்லை.